முதலில் எஸ்.எம்.பி.எஸ்., பிறகுதான் கார்டு

"முப்பத்து நாலு வருஷம் கரண்டு வேலை பார்த்த மனுஷன். வீட்டுக்குள்ள இருக்கிற ஒரு டப்பா வெடிக்கும்னு தெரியலை."

என் வீட்டுக்காரி இதை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. சொல்லட்டும். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2020-இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் செல்போனுக்குள் போனபோது, என் மகள் வயிற்றுப் பேரன் ஒன்பதாம் வகுப்பு. சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்குக் கண் கெட்டுவிடும் என்று, ஒரு கடையில் சொல்லிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினோம். பிராசசர் இவ்வளவு, மதர்போர்டு இவ்வளவு, மானிட்டர் இவ்வளவு என்று ஒவ்வொன்றாக விலை போட்டார்கள். கேபினட்டுக்கு விலை போட்டு, "எஸ்.எம்.பி.எஸ். இதோடயே வந்துடும் ஐயா, அதுக்குத் தனிக் காசு இல்லை" என்றார்கள். இலவசம் என்றால் நமக்கு வாயெல்லாம் பல். வாங்கி வந்துவிட்டோம்.

எஸ்.எம்.பி.எஸ். என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்கு ஒரு வரி. சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி. அதை மாற்றிக் கொடுக்கும் தகரப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் எப்படியோ, கம்ப்யூட்டருக்கு இது அப்படி. பின்பக்கம் மின்விசிறி சுற்றுமே, பவர் கார்டு சொருகுவோமே, அதுதான்.

ஐந்து வருஷம் அந்தப் பெட்டி ஒரு தொந்தரவும் தரவில்லை. பாடம், படம், பாட்டு, என் பென்ஷன் கணக்கு எல்லாம் அதில்தான். பேரன் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். பிளெண்டர் என்று ஒரு இலவச மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டு, முப்பரிமாணப் படம் செய்கிறான். கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள், வீட்டு பிளான் போடுகிறவர்கள் என்று நாலு பேரிடம் சின்னச் சின்ன வேலை வாங்கிச் செய்கிறான். இடையில் கேம் விளையாடுவதும் உண்டு, பொய் சொல்வானேன். பழைய கம்ப்யூட்டரில் ஒரு படம் முடிய ராத்திரி முழுக்க ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டு போட்டால் சில நிமிஷத்தில் முடியும் என்றான். வேலை செய்து சேர்த்த பணம் கொஞ்சம் வைத்திருந்தான். மீதியை என்னிடம் கேட்டான். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தான். முதல் வரி, ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு. இரண்டாவது வரி, 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., 4,000 ரூபாய்.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, இரண்டாவது வரியை அடித்தேன்.

"இருக்கிறது 450 வாட். நீ வாங்கப்போற கார்டு 115 வாட். கம்ப்யூட்டர் மொத்தமும் சேர்த்தாலும் 300 தாண்டாது. எதுக்குடா புதுசு?"

"இல்ல தாத்தா, அது லோக்கல். தாங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"லோடு கணக்கை எனக்குச் சொல்லித் தரியா?"

அவன் அதற்குமேல் பேசவில்லை. லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற தாத்தாவிடம் லோடு பற்றிப் பேச எந்தப் பேரனுக்குத் தைரியம் வரும்?

கார்டு வந்தது. அதற்குத் தனியாக எட்டுப் பின் உள்ள கரண்டு இணைப்பு வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த இணைப்பே இல்லை. அங்கேயே நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெட்டி இப்படி ஒரு சுமைக்காகச் செய்யப்பட்டதே இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் நாம் எதற்கும் ஒரு கன்வெர்ட்டர் கண்டுபிடிக்கிற ஜாதி. 150 ரூபாய்க்கு ஒரு கேபிள் கிடைத்தது. ஹார்டு டிஸ்குக்குப் போகிற இணைப்பில் ஒரு முனை, கார்டில் ஒரு முனை.

முதல் நாள் நன்றாக ஓடியது. இரண்டாம் நாள், கனமான வேலை கொடுத்ததும் கம்ப்யூட்டர் தானாக நின்று தானாக எழுந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவிளக்கு போடுகிற நேரம். நான் திண்ணையில் இருந்தேன். உள்ளே 'படார்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும், கருகிய இன்சுலேஷன். ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

கார்டு தப்பித்தது. அது எங்கள் அதிர்ஷ்டம். மதர்போர்டும் தப்பித்தது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது.

பெட்டியைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் +12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள். 192 வாட். அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் உண்மையான சரக்கு, அதுவும் அந்தச் சீட்டை நம்பினால்.

இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட் கரண்டுதான். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சில்லறைச் செலவு. ஆகவே பார்க்க வேண்டியது மேலே இருக்கும் பெரிய எண்ணை அல்ல, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதை. நல்ல 550 வாட் பெட்டியில் அந்த இடத்தில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். அதாவது மொத்த வாட்டும் ஏறக்குறைய 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். மட்டமான பெட்டியில் எல்லா வோல்ட்டையும் கூட்டி, ஒரு நொடி தாங்குகிற உச்ச அளவை எழுதி, அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி 450 என்பார்கள்.

இது நமக்குத் தெரியாத தந்திரமா? 90-களில் டேப் ரெக்கார்டர் வாங்கப் போனால், ஸ்பீக்கர்மேல் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டியிருப்பான். வீட்டு மீட்டரைப் பார்த்தால் முப்பது நாற்பது வாட்கூட இழுத்திருக்காது. அதைப் பார்த்து நான் எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேன்! அதே சீட்டு என் வீட்டுக்குள் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

இதில் என் கட்சி இதுதான்: கார்டுக்கு முன்னால் எஸ்.எம்.பி.எஸ். வாங்க வேண்டும். கையில் இருக்கிற பணத்தில் முதலில் அதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் எந்தக் கார்டு என்று முடிவு செய்ய வேண்டும். நாம் செய்வது தலைகீழ். கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் கொட்டிக் கொடுப்போம். தெரியாத பொருளில் மிச்சம் பிடிப்போம். வீடு கட்டும்போது டைல்ஸுக்குப் பெங்களூர் வரை போவோம், வயரை மட்டும் யாரோ சொன்ன மட்டமான வயராகப் போடுவோம். அந்த வயர் எரிந்து போய் நாங்கள் ஏணி போட்டு ஏறிய வீடுகள் ஒன்றா இரண்டா?

அதற்காகப் பெரிதாக வாங்கு என்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு ஏமாற்றுதான். இப்போது கடையில் பிள்ளைகளிடம் "850 வாட் போட்டுக்கோ, பின்னால உதவும்" என்கிறார்கள். பத்து வீடு உள்ள தெருவுக்கு 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு? கணக்கு போட்டுப் பாருங்கள். கார்டு 115 வாட். பிராசசர் மேலே 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழு வேகத்தில் 100-ஐத் தாண்டும். மதர்போர்டு, டிஸ்க், மின்விசிறி எல்லாம் ஒரு 50. மொத்தம் 270, 280. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சட்டென்று கூடுதலாக இழுக்கும். அதற்கு இடம் விட வேண்டும். பெட்டி தன் சக்தியில் பாதி, அல்லது பாதிக்குச் சற்று மேல் சுமந்தால் சூடு குறைவு, ஆயுசு அதிகம். ஆக 500-இலிருந்து 550 வாட் போதும். கார்டைச் செய்த என்விடியா நிறுவனமே 4060-க்கு 550 வாட் என்றுதான் சொல்கிறது. 450 வாட் குடிக்கிற 4090 போன்ற ராட்சசக் கார்டுக்குத்தான் 850. அந்தக் கார்டு நம் வீட்டுக்கு வரப்போவதில்லை.

நான் விசாரித்த அளவில், நல்ல பெயருள்ள 550 வாட் பெட்டி 3,500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை இருக்கிறது. 3 வருஷமோ 5 வருஷமோ வாரண்டி தருகிறார்கள். மட்டமானது எழுநூறு எண்ணூறுக்குக் கிடைக்கும். நடுவில் இருக்கிற வித்தியாசம் மூவாயிரம், நாலாயிரம். அந்தப் பணத்தில் உள்ளே என்ன வருகிறது?

முதலாவது, பாதுகாப்பு. நம் வீட்டு மெயின் போர்டில் எம்.சி.பி. இருப்பதுபோல, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கரண்டு கூடினால், வோல்டேஜ் கூடினால், ஷார்ட் ஆனால் தானே அணைந்துவிடும் ஏற்பாடு உண்டு. மட்டமானதில் அதைத்தான் முதலில் கழற்றிவிடுகிறார்கள். பழைய நாளில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் நாலு இழைச் செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவார்களே, கிட்டத்தட்ட அதே கதை. ஃபியூஸ் போகாது, வீடு போகும். என் பேரன் கம்ப்யூட்டரில் அதுதான் நடந்திருக்க வேண்டும். பெட்டி சாகும்போது 12 வோல்ட்டுக்கு மேல் தள்ளிவிட்டுச் செத்திருக்கிறது. பக்கத்தில் இருந்த ஹார்டு டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இரண்டாவது, கம்பி. நல்ல பெட்டியின் கம்பிமேல் 18 கேஜ் என்று அச்சிட்டிருக்கும். மட்டமானதில் 20, 22. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது நம் காலத்து வயர்மேன் எல்லோருக்கும் தெரியும். கன்வெர்ட்டர் கேபிளின் கதையும் இதுவே. சாட்டா என்கிற ஹார்டு டிஸ்க் இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்காகச் செய்தது, அதாவது 54 வாட். எட்டுப் பின் இணைப்பு 150 வாட் வரை கேட்கலாம். ஒற்றை மாட்டு வண்டியில் கரும்பு லாரியின் பாரத்தை ஏற்றினால் அச்சு முறியாமல் என்ன செய்யும்?

மூன்றாவது, நம் ஊர் வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரத்தில் இருக்கிற கடைசி வீடுகளில், சாயங்காலம் எல்லோரும் மோட்டாரும் கிரைண்டரும் போடுகிற நேரத்தில் 180-க்குக் கீழே இறங்குவதை நானே டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல பெட்டியில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும். இறங்கினாலும் சமாளித்துக்கொள்ளும். பழைய மாடலில் பின்னால் ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும், 115, 230 என்று. அந்த ஸ்விட்ச் இருந்தாலே அது பழைய வடிவமைப்பு என்று அர்த்தம். விளையாட்டாக யாராவது அதை 115-க்குத் தள்ளிவிட்டுச் சுவரில் சொருகினால், தீபாவளி அன்றைக்கே வந்துவிடும்.

நாலாவது, மின்சாரச் செலவு. பெட்டியின்மேல் '80 பிளஸ்' என்று ஒரு முத்திரை இருக்கும். சுவரிலிருந்து இழுப்பதில் குறைந்தது 80 சதவீதத்தையாவது வீணாக்காமல் உள்ளே கொடுக்கும் என்பதற்கான சோதனை அது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. நமக்கு வெண்கலம், அதாவது பிரான்ஸ் போதும். பாதிச் சுமையில் 85 சதவீதம் கொடுக்கும். 300 வாட் வேலைக்கு அது 353 வாட் இழுக்கும். 70 சதவீதம்தான் கொடுக்கிற மட்டமான பெட்டி அதே வேலைக்கு 429 வாட் இழுக்கும். வித்தியாசம் 76 வாட், அத்தனையும் வெறும் சூடு. பையன் தினம் மூன்று மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 14 யூனிட். ஸ்லாப் விளிம்பில் இருக்கிற வீட்டுக்கு அது உறைக்கும். ஆனால் ஒன்று: 80 பிளஸ் என்பது சிக்கனத்துக்கான முத்திரைதான், பாதுகாப்புக்கானது அல்ல. முத்திரை இல்லாமல் வெறுமனே '80% எஃபிஷியன்சி' என்று அட்டையில் அச்சடித்திருந்தால் ஏமாற வேண்டாம்.

பெயருள்ள கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்று கேட்டால், அதுவும் முடியாது. 2021-இல் ஜிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரண்டு மாடல்கள் சுமை ஏற்றிச் சோதித்தபோது வெடிக்கின்றன என்று உலகம் முழுக்கப் பேச்சாகி, குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு நிறுவனமே மாற்றிக் கொடுத்தது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, மாற்றிக் கேட்க ஒரு முகவரி இருந்தது. பெயரில்லாப் பெட்டி வெடித்தால் யாரிடம் போய்க் கேட்பது? நான் வாங்கிய கடை இரண்டு வருஷத்துக்கு முன்பே மூடிப்போய், இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். பெட்டியின்மேல் செய்தவன் பெயரே இல்லை.

பெயரில்லாத மலிவுச் சரக்கு என்று எழுதும்போதே கை நிற்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு வேறு ஒன்று நினைவுக்கு வரும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் நிறையப் பேர் நம் கருணாபுரத்து மனிதர்கள். அடுத்தடுத்த வீடுகளில் பந்தல் போட்ட அந்த நாட்களைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. உயிர் வேறு, கம்ப்யூட்டர் பெட்டி வேறு. இரண்டையும் ஒரு தராசில் வைக்கிற பாவத்தை நான் செய்ய மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலரும் கேட்டது, "ஏன் அதை வாங்கிக் குடித்தார்கள்?" என்பதுதான். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று உடம்பு நோக உழைத்துவிட்டு வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டவர்கள் குறைவு. அன்றிலிருந்து, மலிவாக வாங்கினவனைத் திட்டுகிற பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆகாது. உள்ளே இருப்பதை மறைத்து விற்கிறவனைத்தான் முதலில் கேட்க வேண்டும். வாங்குகிறவனுக்கு நாம் செய்யக்கூடியது, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது.

அதனால்தான் இதைப் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. என் பேரன் சரியாகத்தான் எழுதிக்கொண்டு வந்தான். பணம் கொடுக்கிற நமக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு தாளை நீட்டினால், பேனாவை எடுக்காதீர்கள். அவனோடு கடைக்குப் போய் இவற்றைக் கேளுங்கள்:

1. பெட்டியின் சீட்டில் +12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்? பன்னிரண்டால் பெருக்கினால் வருவது, மேலே எழுதியிருக்கும் வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

2. கார்டுக்கு வேண்டிய இணைப்பு, ஆறு பின்னோ எட்டுப் பின்னோ, பெட்டியிலிருந்தே வருகிறதா? கன்வெர்ட்டர் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. 100-240 வோல்ட் என்று இருக்கிறதா?

4. 80 பிளஸ் முத்திரையும், செய்த நிறுவனத்தின் பெயரும், மாடல் எண்ணும் இருக்கின்றனவா? பி.ஐ.எஸ். முத்திரை இருந்தால் இன்னும் நல்லது.

5. வாரண்டி எத்தனை வருஷம்? பில்லில் வரிசை எண்ணை எழுதித் தருவார்களா?

இந்த ஐந்துக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற கடையில் நூறு இருநூறு கூட இருந்தாலும் வாங்குங்கள். நம் ஊர்க் கடையில் இல்லையென்றால் சேலத்திலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வரவழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். யாரோ கழற்றிப் போட்ட பழைய எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டருக்கும் மூப்பு உண்டு, நம்மைப்போல. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அவ்வளவு பணம் இல்லையா? கார்டைச் சின்னதாக்குங்கள், பெட்டியைச் சின்னதாக்காதீர்கள். தனிக் கரண்டு இணைப்பே வேண்டாத கார்டுகள் இருக்கின்றன. மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்குகிற 3050 கார்டின் 6 ஜி.பி. மாடல் 70 வாட்தான். படிக்கிற பிள்ளைக்கு அது போதுமான ஆரம்பம். நல்ல பெட்டி இருந்தால் நாளைக்குப் பெரிய கார்டு போட்டுக்கொள்ளலாம். பெட்டி அடுத்த கம்ப்யூட்டருக்கும் உதவும்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமாக இரண்டு விஷயம். யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். கொடுப்பது 360 வாட் அளவுக்குத்தான். புதுக் கார்டும் மானிட்டரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது கரண்டு போனால், அது சேமித்து மூட நேரம் தரும், விளையாட நேரம் தராது. இன்னொன்று எர்த். கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது எஸ்.எம்.பி.எஸ். கெட்டதால்தான் என்று இல்லை. பெரும்பாலும் உங்கள் பிளக்கில் எர்த் இல்லை. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிற வீடுகள் இன்னமும் நம் தெருவில் இருக்கின்றன. எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் எர்த் இல்லையென்றால் அதன் பாதுகாப்பில் பாதி போயிற்று. சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குக் காசு இல்லை.

இப்போது பேரன் கம்ப்யூட்டரில் 550 வாட் பெட்டி ஓடுகிறது. வாங்கி வந்த அன்று, பெட்டியைக் கேபினட்டுக்குள் வைப்பதற்கு முன்னால் என்னிடம் கொண்டு வந்து, "படிச்சுப் பாருங்க தாத்தா" என்று சீட்டைக் காட்டினான். குத்திக் காட்டினானா, மரியாதைக்குச் சொன்னானா தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லா வரியையும் படித்தேன். கையில் தூக்கிப் பார்த்தேன். பழையதைவிட இரண்டு மடங்கு கனம் இருக்கும்.

வீட்டுக்காரியின் கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். போன ஹார்டு டிஸ்கில்தான் 2016-இல் நடந்த எங்கள் அறுபதாம் கல்யாணப் படங்கள் அத்தனையும் இருந்தன. ஆல்பம் போட வேண்டாம், வீண் செலவு, கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குச் சொன்னவனும் நான்தான். சென்னையில் மீட்டெடுத்துத் தருகிற இடங்களில் கேட்டோம். பலருக்கும் முடியவில்லை, முடியும் என்ற ஒருவர் சொன்ன தொகையில் இரண்டு கார்டு வாங்கலாம். படம் எடுத்த போட்டோகிராபர் பழைய கோப்புகளை எப்போதோ அழித்துவிட்டார்.

அன்றைக்கு வந்திருந்த உறவினர்கள், நண்பர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். மாலை மாற்றும்போது செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பத்துப் பேராவது இருந்தீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. பழைய போனில் ஒன்றிரண்டு படம் இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, தேடி எடுத்துக் கொடுங்கள். அவள் அரக்கு நிறப் பட்டுப் புடவையில் இருப்பாள்.